ஆம்பூலை உடைக்கும் கை

2021-இல் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டவர்கள் அந்த அரைமணி நேரத்தை மறந்திருக்க மாட்டார்கள். ஊசி போட்டதும் வீட்டுக்குக் கிளம்ப விடவில்லை. பள்ளிக்கூட வகுப்பறையிலோ கல்யாண மண்டபத்திலோ இடைவெளி விட்டுப் போட்ட நாற்காலிகளில் உட்காரவைத்து, “முப்பது நிமிஷம் ஆகட்டும், அப்புறம் போகலாம்” என்றார்கள். பலர் செல்போனைப் பார்த்தபடி பொழுதைக் கழித்தார்கள். சிலர் நைசாக நழுவினார்கள். செவிலியரின் மேசை ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டி இருந்ததைக் கவனித்தவர்கள் குறைவு.

அந்தப் பெட்டிக்குள் அட்ரினலின் அடைத்த ஒரு மில்லி கண்ணாடி ஆம்பூல்கள் இருந்தன. சிரிஞ்சுகள், ஊசிகள், பஞ்சு, எந்த வயதுக்கு எவ்வளவு என்று எழுதிய அட்டை ஆகியவையும் இருந்தன. அத்தனை பேரையும் காத்திருக்கச் சொன்னது, தேவைப்பட்டால் அந்தப் பெட்டி எட்டும் தூரத்தில் அவர்கள் இருக்கவேண்டும் என்பதற்காகத்தான்.

அனஃபிலாக்சிஸ் என்று மருத்துவர்கள் சொல்லும் கடும் ஒவ்வாமைக்கான ஏற்பாடு அது. தடுப்பூசியால் அது வருவது மிக அரிது. அமெரிக்காவில் இரண்டரைக் கோடித் தவணைகளை ஆராய்ந்து 2016-இல் வெளிவந்த ஆய்வில், பத்து லட்சம் தவணைக்கு 1.3 பேர் என்ற கணக்குதான் கிடைத்தது. ஆனாலும் இந்தியாவில் கொரோனா தடுப்பூசியோடு தொடர்புடையது என்று மத்திய அரசின் குழு முதன்முதலாக உறுதிசெய்த மரணத்துக்குக் காரணம் இதுவே. 2021 மார்ச் 8 அன்று ஊசி போட்டுக்கொண்ட 68 வயது முதியவர் அவர்.

தடுப்பூசி மேசையை விட்டு வெளியே வந்தால் இந்த ஆபத்துக்கு வேறு வாசல்கள் நிறைய உண்டு. நிலக்கடலை, முந்திரி, இறால், பால், முட்டை என உணவுகள் ஒரு பக்கம். ஆன்டிபயாட்டிக் ஊசிகள், பாம்புக்கடிக்கான விஷமுறிவு மருந்து என மருத்துவமனைக்குள்ளேயே வருபவை இன்னொரு பக்கம். தேனீ, குளவி, கதண்டு கொட்டுவது மூன்றாவது. மூன்றிலும் உடம்புக்குள் நடப்பது ஒன்றுதான். நோய் எதிர்ப்பு அமைப்பைச் சேர்ந்த மாஸ்ட் செல்கள் ஒரே நேரத்தில் வெடித்து, ஹிஸ்டமினையும் அதன் கூட்டாளிகளையும் ரத்தத்தில் கொட்டுகின்றன. ரத்தக் குழாய்கள் விரிகின்றன. அவற்றின் சுவர் ஒழுகத் தொடங்குகிறது. பத்தே நிமிடத்தில் ரத்தத்தின் நீர்ப்பகுதியில் மூன்றில் ஒரு பங்கு வரை குழாயை விட்டு வெளியேறிவிடக்கூடும். உடம்பில் ஒரு வெட்டுக்காயம்கூட இருக்காது. ஆனால் பெரும் ரத்தப்போக்கில் சாய்பவரைப் போல அந்த மனிதர் சாய்வார். கூடவே தொண்டை வீங்கும், மூச்சுக்குழல் இறுகும்.

இதற்கு எவ்வளவு அவகாசம்? மான்செஸ்டரைச் சேர்ந்த மருத்துவர் ரிச்சர்ட் பம்ஃப்ரி, 1992 முதல் பிரிட்டனில் அனஃபிலாக்சிஸால் இறந்தவர்களின் பதிவுகளைச் சேகரித்து, 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஒவ்வாமை தொடங்கியதிலிருந்து மூச்சோ இதயமோ நிற்பதற்கான நேரத்தின் நடுமதிப்பு, உணவால் என்றால் 30 நிமிடம், பூச்சிக்கடியால் என்றால் 15 நிமிடம், ஊசி வழியே ஏறிய மருந்தால் என்றால் 5 நிமிடம்.

கதண்டு கொட்டினால் கால் மணி நேரம். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்து, அது வந்து, ஆளை ஏற்றி, மருத்துவமனை வாசலை அடைய நகரத்திலேயே அது போதாது. ஆகவே இந்த நோயில் உயிரைக் காப்பவர் பெரும்பாலும் டாக்டராக இருக்க முடியாது. முதலில் போய்ச் சேருபவர் யாரோ அவர்தான்: ஆம்புலன்ஸ் உதவியாளர், தீயணைப்பு வீரர், கிராம சுகாதாரச் செவிலியர், பள்ளி ஆசிரியர், தோட்டத்து வைத்திய உதவியாளர். அவர் கையில் மருந்து இருக்கிறதா என்பதைவிட, அதைப் போடும் துணிவை யாராவது அவருக்குக் கற்றுத்தந்தார்களா என்பதே பெரிய கேள்வி.

மருந்து பழையது. ஜப்பானிய வேதியியலாளர் ஜோக்கிச்சி தக்கமினே அட்ரினலினைப் பிரித்தெடுத்து 120 ஆண்டுகளுக்கு மேலாகிறது. வேடிக்கை என்னவென்றால், நோய்க்குப் பெயர் வைக்கப்பட்டதும் ஏறத்தாழ அதே சமயத்தில்தான். மொனாக்கோ இளவரசர் முதலாம் ஆல்பர்ட்டின் ஆய்வுக் கப்பலில் 1901-இல் பயணம் செய்த பிரெஞ்சு அறிஞர்கள் ஷார்ல் ரிஷேவும் பால் போர்த்தியேவும் கடல் உயிர்களின் நஞ்சை ஆராயத் தொடங்கினார்கள். பாரிஸ் திரும்பி, கடல் சாமந்தியின் நஞ்சைச் சிறிய அளவில் நாய்களுக்குச் செலுத்தினார்கள். முதல் ஊசியைத் தாங்கிய நாய், சில வாரங்கள் கழித்து அதைவிடக் குறைந்த அளவு நஞ்சுக்கே நிமிடங்களில் சுருண்டு இறந்தது. காப்பு கிடைக்கும் என்று எதிர்பார்த்த இடத்தில் அதற்கு நேர்மாறானது நடந்ததால், 1902-இல் ‘காப்புக்கு எதிரானது’ என்ற பொருளில் அனஃபிலாக்சிஸ் என்று பெயரிட்டார்கள். 1913-இல் ரிஷேவுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அட்ரினலின் இந்தக் கோளாறின் எல்லா முனைகளையும் ஒரே நேரத்தில் பிடிக்கிறது. விரிந்த குழாய்களைச் சுருக்கி ரத்த அழுத்தத்தை ஏற்றும், மூச்சுக்குழலை விரிக்கும், மாஸ்ட் செல்கள் மேலும் வெடிப்பதைத் தணிக்கும். உடல் எடையில் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம், பெரியவருக்கு அதிகபட்சம் அரை மில்லிகிராம். அதாவது ஒரு ஆம்பூலில் பாதி. தொடையின் நடுப்பகுதியில், வெளிப்புறத் தசையில் போட வேண்டும். கனடாவின் வின்னிபெக் நகரில் எஸ்டல் சைமன்ஸ் 1998-இல் வெளியிட்ட ஆய்வு, தொடைத் தசையில் போட்டால் ரத்தத்தில் மருந்து உச்சத்தைத் தொட சராசரி 8 நிமிடம், தோலுக்கு அடியில் போட்டால் 34 நிமிடம் என்று காட்டியது. சரியான மருந்தைத் தவறான இடத்தில் போட்டால் மேலே சொன்ன கால் மணி நேரம் போயே போய்விடும்.

இவ்வளவு தெரிந்த பிறகும் உலகெங்கும் கைகள் தயங்குகின்றன. நம் ஊரில் அந்தத் தயக்கத்துக்கு ஒரு பெயர் உண்டு: அவில். காணாக்கடி வந்து உடம்பெல்லாம் தடித்தால் ஒரு அவில் மாத்திரை, கொஞ்சம் அதிகமென்றால் அவில் ஊசி, அதோடு ஒரு ஸ்டீராய்டு. இது வீடுகளிலும் சின்ன கிளினிக்குகளிலும் ஊறிப்போன பழக்கம். அரிப்புக்கு அது நல்ல மருந்துதான். தொண்டை அடைப்பையும் விழும் ரத்த அழுத்தத்தையும் அதனால் நிறுத்த முடியாது. பிரிட்டனின் உயிர்மீட்பு கவுன்சில் 2021-இல் திருத்திய வழிகாட்டுதலில், அனஃபிலாக்சிஸின் தொடக்கச் சிகிச்சையிலிருந்து அவில் வகை ஆன்டிஹிஸ்டமின் மருந்துகளையே நீக்கிவிட்டது. அவற்றைத் தேடி எடுத்துப் போடும் நேரத்தில் அட்ரினலின் தாமதமாகிறது என்பது முக்கியமான கவலை.

தயக்கத்துக்கு இன்னொரு வேரும் இருக்கிறது. அட்ரினலின் என்றாலே இதயம் நின்றவருக்குக் கடைசியாகப் போடும் மருந்து என்ற எண்ணம் செவிலியர்களிடமும் பதிந்திருக்கிறது. பேசிக்கொண்டிருக்கும் ஆளுக்கு அதைப் போடுவதா என்று மனம் பின்வாங்குகிறது. அந்த ஆள் பேச முடியாமல் போகும்வரை காத்திருப்பதுதான் இங்கே நடக்கும் பெரும்பிழை.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சியாட்டில் நகரை உள்ளடக்கிய கிங் கவுண்டி இந்தத் தயக்கத்தை எப்படிக் கையாண்டது என்பது நாம் பார்க்கவேண்டிய கதை. அங்கே அவசர அழைப்புக்கு முதலில் போவது தீயணைப்பு வீரர்கள். அவர்கள் அடிப்படை மருத்துவ உதவிப் பயிற்சி பெற்றவர்கள். விரிவான பயிற்சி பெற்ற பாராமெடிக்குகள் அவர்களுக்குப் பின்னால் வருவார்கள். நிலக்கடலை ஒவ்வாமையால் ஒரு சிறுமி இறந்ததை அடுத்து 1999-இல் மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. அடிப்படைப் பயிற்சி பெற்றவர்கள் போகும் வண்டியிலும் அட்ரினலின் இருக்கவேண்டும், அதைப் போட அவர்களுக்குப் பயிற்சி தரவேண்டும் என்றது அது. அதற்கு வசதியாக எபிபென் இருந்தது. பேனா போன்ற கருவி; தொடையில் வைத்து அழுத்தினால் ஊசி தானே பாய்ந்து அளவான மருந்தைச் செலுத்திவிடும். ஆம்பூல் உடைக்கவேண்டாம், அளக்கவேண்டாம்.

பிறகு விலை ஏறியது. 2007 வாக்கில் இரண்டு பேனாக்கள் கொண்ட பெட்டி சுமார் 100 டாலர். 2016-இல் 600 டாலரைத் தாண்டிவிட்டது. அந்த ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றக் குழு அதன் நிறுவனத் தலைவரை அழைத்து விசாரித்தது. பேனாவுக்குக் காலாவதித் தேதி வேறு குறுகியது. பயன்படாமலே தூக்கிப்போட்டு, புதிதாக வாங்கிவைக்க வேண்டும். சிறிய தீயணைப்பு நிலையங்கள் திணறின.

கிங் கவுண்டி இந்தச் சிக்கலுக்கு 2014-இல் எடுத்த முடிவு எளிமையானது, அதே சமயம் துணிச்சலானது. பேனாவைக் கைவிட்டு, அதற்குப் பதிலாக ஒரு சிறு பெட்டி கொடுத்தார்கள். அதில் அட்ரினலின் குப்பி, சிரிஞ்ச், ஊசி, செய்யவேண்டியதை வரிசையாகச் சொல்லும் அட்டை. திட்டத்தின் பெயர் ‘செக் அண்ட் இன்ஜெக்ட்’: சரிபார், ஊசி போடு. பின்னர் நியூயார்க் மாநிலமும் அதே பெயரில் இதைத் தொடங்கியது. அங்கே பயன்படுத்திய சிரிஞ்சில் இரண்டே குறிகள்: குழந்தைக்கு 0.15 மில்லி, பெரியவருக்கு 0.3 மில்லி. நெருக்கடியில் மனிதன் தவறுவான் என்பதை ஒப்புக்கொண்டு, தவற வழியில்லாதபடி கருவியைச் செய்திருக்கிறார்கள்.

பேனா இல்லாமல் அளந்து போடுவது ஆபத்தாகாதா என்ற கேள்வி நியாயமானது. எஸ்டல் சைமன்ஸின் குழு 2001-இல் அதைச் சோதித்தது. ஆம்பூலையும் சிரிஞ்சையும் கொடுத்து, ஒரு கைக்குழந்தைக்கான அளவை எடுக்கச் சொன்னார்கள். அவசரப் பிரிவுச் செவிலியர்கள் சராசரி 29 விநாடியில் முடித்தார்கள். பொதுப் பிரிவுச் செவிலியர்களுக்கு 40 விநாடி, மருத்துவர்களுக்கு 52. குழந்தையின் பெற்றோருக்கோ 142 விநாடி ஆனது. அவர்கள் எடுத்த அளவுகளில் மிகக் குறைந்ததற்கும் மிக அதிகத்துக்கும் இடையே 40 மடங்கு வித்தியாசம். மருத்துவர்களைவிட அவசரப் பிரிவுச் செவிலியர்கள் முந்தியதைக் கவனிக்கவேண்டும். தினமும் ஆம்பூல் உடைக்கும் கை அது. படிப்பால் வராத வேகம் பழக்கத்தால் வந்திருக்கிறது.

அதனால்தான் நல்ல பயிற்சியில் பேச்சு குறைவாகவும் கைவேலை அதிகமாகவும் இருக்கும். ஆம்பூலின் கழுத்தில் தங்கிய மருந்தைத் தட்டி இறக்குவது, பஞ்சை வைத்து விரல் கிழியாமல் உடைப்பது, குமிழி இல்லாமல் இழுப்பது, உடையின் மேலாகவே தொடையில் குத்தும் நிலை வந்தால் செய்வது என ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பழக வேண்டியது. ஆம்பூலின் எழுத்தைப் படிப்பதும் பயிற்சிதான். ஒரு மில்லியில் ஒரு மில்லிகிராம் உள்ளதையும், பத்து மில்லியில் ஒரு மில்லிகிராம் உள்ளதையும் ஒன்றுக்கு ஆயிரம், ஒன்றுக்குப் பத்தாயிரம் என்று விகிதமாக எழுதியதால் ஏற்பட்ட குழப்பங்களுக்குப் பிறகு, அமெரிக்கா 2016-இல் லேபிளிலிருந்து அந்த விகிதத்தையே எடுத்துவிட்டது.

அடையாளம் காண்பது இன்னும் கடினமான பாடம். தோலில் தடிப்பு இருந்தால்தான் ஒவ்வாமை என்று எல்லாரும் நினைக்கிறோம். பத்தில் ஒருவருக்காவது தோலில் எதுவும் தெரியாமல் போகலாம். கொட்டு வாங்கிய பத்தாவது நிமிடத்தில் வாந்தியும் மயக்கமும் மட்டும் வரலாம். ஆகவே பயிற்சியாளர்கள் கேட்கச்சொல்லும் கேள்விகள் வேறு: குரல் கம்மியிருக்கிறதா? இளைப்பு வருகிறதா? நாடி ஓடுகிறதா? பி.பி. இறங்கியிருக்கிறதா? கொஞ்ச நேரத்துக்கு முன் என்ன சாப்பிட்டார், எது கொட்டியது, என்ன ஊசி போட்டார்கள்? சந்தேகம் இருந்தால் போட்டுவிடு என்பதே பாடத்தின் சாரம். தேவையில்லாமல் தொடையில் போட்ட அட்ரினலின் படபடப்பையும் கை நடுக்கத்தையும் தலைவலியையும் தந்து பெரும்பாலும் அடங்கிவிடும். ஐந்து நிமிடத்தில் முன்னேற்றம் இல்லையென்றால் இன்னொரு தடவை.

பம்ஃப்ரியின் பதிவுகளில் மனத்தை உலுக்கும் இன்னொரு செய்தி உண்டு. மருத்துவமனைக்கு வெளியே அதிர்ச்சி நிலையில் இறந்த பத்துப் பேரை ஆராய்ந்தபோது, நான்கு பேர் படுத்திருந்த நிலையிலிருந்து எழுப்பி உட்காரவைக்கப்பட்ட அல்லது நிறுத்தப்பட்ட சமயத்தில் சரிந்தவர்கள் என்று 2003-இல் எழுதினார். குழாய்களில் ரத்தம் குறைந்த நிலையில் உடம்பை நிமிர்த்தினால், இதயத்துக்குத் திரும்பி வர ரத்தமே இல்லாமல் போகிறது. இதய அறை காலியாகத் துடிக்கிறது. ஆகவே மயக்கம் வருபவரைப் படுக்கவைத்துக் காலை உயர்த்த வேண்டும். மூச்சுத் திணறுபவர் உட்காரலாம். காலை நீட்டியே இருக்கட்டும். ஸ்ட்ரெச்சர் வரை நடத்திக் கூட்டிவரக் கூடாது.

நம் கிராமங்களில் என்ன செய்கிறோம்? மயங்கியவரை இரண்டு பேருக்கு நடுவில் பைக்கில் நிமிர்த்தி உட்காரவைத்து, பின்னால் இருப்பவர் இறுகப் பிடித்துக்கொள்ள, மேடுபள்ளத்தில் விரட்டிக்கொண்டு போகிறோம். அவ்வளவும் அன்பிலும் பதற்றத்திலும் செய்வது. இதைவிட மோசமான ஒரு நிலையில் அந்த உடம்பை வைக்க முடியாது என்பது அவர்களுக்கு யாரும் சொல்லாத விஷயம்.

தமிழ்நாட்டில் கதண்டு கூடு கட்டினால் மக்கள் கூப்பிடுவது தீயணைப்புத் துறையை. பனைமரத்திலும் கோயில் கோபுரத்திலும் கட்டிய கூட்டை அழிக்க இரவில் தீப்பந்தத்தோடு போகிறவர்கள் அவர்கள். நூறு நாள் வேலையில் புதரை வெட்டும்போது கூட்டைக் கலைத்து, கூட்டமாகக் கொட்டு வாங்கும் பெண்களைப் பற்றிய செய்திகள் அடிக்கடி வருகின்றன. கொட்டிய இடத்துக்கு முதலில் போய்ச் சேரும் சீருடைக்காரர்கள் கையில் ஒரு ஆம்பூலும், அதைப் போடும் பயிற்சியும் இருந்தால் என்ன என்று சியாட்டில் கதையைப் படிக்கும் எவருக்கும் தோன்றும். கிங் கவுண்டியில் ஊசி போடுபவர்களும் தீயணைப்பு வீரர்கள்தானே.

தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் தொடங்கிய 108 சேவையில் ஒவ்வொரு வண்டியிலும் பயிற்சி பெற்ற மருத்துவ உதவியாளர் இருக்கிறார். தொலைபேசியில் மருத்துவரின் ஆலோசனையும் கிடைக்கிறது. அது பெரிய பலம். ஆனால் கதண்டின் விஷம் அதிகம் ஏறிய உடம்புக்கு அட்ரினலின் மட்டும் போதாது என்பதையும் சொல்லவேண்டும். ஐம்பது நூறு கொட்டுகள் வாங்கியவருக்கு ஒவ்வாமையே இல்லாவிட்டாலும் தசை சிதைந்து சிறுநீரகம் செயலிழக்கலாம். அவர் எழுந்து நடந்தாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும்.

இலங்கையின் மலையகத்தில் இது இன்னும் நெருக்கமான துயரம். நுவரெலியாவிலும் பதுளையிலும் கொழுந்து பறிக்கும் பெண்கள் குளவிக் கொட்டுக்கு இலக்காகி வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டார்கள் என்பது அங்குள்ள நாளிதழ்களில் ஓயாமல் வரும் செய்தி. செங்குத்தான மலை, கூடை முதுகில், ஓட வழியில்லை. தோட்டத்து லொறியிலோ முச்சக்கர வண்டியிலோ வளைந்து வளைந்து இறங்கித்தான் வைத்தியசாலைக்கு வர வேண்டும். இந்திய உதவியோடு 2016-இல் தொடங்கிய, 1990 என்ற எண்ணில் அழைக்கும் சுவசெரிய அம்புலன்ஸ் சேவை பிறகு நாடு முழுவதும் விரிந்தது. ஆனாலும் மலைப்பாதையின் தூரம் குறையவில்லை. தோட்டத்திலேயே இருக்கும் வைத்திய உதவியாளர்தான் அந்தப் பதினைந்து நிமிடத்துக்குள் எட்டக்கூடியவர்.

அட்ரினலின் பற்றி உலகுக்கு ஒரு முக்கியமான பாடத்தைத் தந்த நாடும் இலங்கையே. பாம்புக்கடிக்கு விஷமுறிவு மருந்து ஏற்றும்போது கடும் ஒவ்வாமை வருவது அங்கே வழக்கமான தொல்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடத்தி 2011-இல் வெளியிட்ட ஆய்வில், முன்கூட்டியே சிறிய அளவு அட்ரினலின் கொடுப்பது முதல் ஒரு மணி நேரத்தில் கடும் எதிர்வினைகளை 43 சதவீதம் குறைத்தது. ஹைட்ரோகார்டிசோன் என்ற ஸ்டீராய்டும் ஆன்டிஹிஸ்டமினும் அப்படிக் குறைக்கவில்லை.

பேனா வகை ஊசி இந்தியாவில் எளிதில் கிடைப்பதில்லை. கடும் ஒவ்வாமை உள்ள குழந்தைகளின் பெற்றோர் வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர்களிடம் சொல்லி வாங்கிவைக்கிறார்கள். அமெரிக்கா 2024 ஆகஸ்டில் மூக்கில் அடிக்கும் அட்ரினலின் ஸ்ப்ரேக்கு அனுமதி அளித்தது. அது இங்கே வந்து, வாங்கும் விலையில் கிடைக்க எவ்வளவு காலமாகுமோ. ஆம்பூல் இன்றே இருக்கிறது, ஒரு தேநீர் செலவோடு ஒப்பிடக்கூடிய மலிவில். அதை அளக்கும் முறையும் இருக்கிறது. தடுப்பூசி முகாமுக்குப் போகும் கிராம சுகாதாரச் செவிலியருக்கு அரசு தந்த பெட்டியில் இன்சுலின் சிரிஞ்சை வைத்து, வயதுவாரியாக இத்தனை கோடு என்று எழுதியிருப்பது, நியூயார்க்கின் இரண்டு குறி சிரிஞ்சுக்குச் சளைத்த யோசனை அல்ல. டாக்டர் வரும்வரை காத்திருக்காமல் முதல் ஊசியை அவரே போடலாம் என்ற அனுமதியும் அந்தப் பெட்டியோடு வருகிறது. அதே பெட்டி, அதே அட்டை, அதே அனுமதி ஆகியவற்றைத் தீயணைப்பு நிலையத்துக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் மலைக்கிராமப் பள்ளிக்கும் கொண்டுபோவதற்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் வேண்டியதில்லை.

வேண்டியது பராமரிப்பு. அட்ரினலின் வெளிச்சத்திலும் வெயிலிலும் கெடும். நிறமற்ற மருந்து இளஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ மாறியிருந்தால் போடக் கூடாது. சித்திரை வெயிலில் கதவு மூடி நிற்கும் வண்டிக்குள் பெட்டி எப்படி இருக்கும் என்பதை யாராவது ஒருவர் பொறுப்பேற்றுப் பார்க்க வேண்டும். மாதம் ஒரு நாள் பெட்டியைத் திறந்து தேதி பார்ப்பவர், காலாவதியான ஆம்பூல்களைக் குப்பையில் போடாமல் தனியாக ஒரு டப்பாவில் சேர்த்துவைக்கலாம். அடுத்த பயிற்சி நாளில் ஒவ்வொருவருக்கும் ஒன்று கொடுத்து, கையில் பஞ்சோடு நிற்கவைத்து, கடிகாரத்தைப் பார்த்தபடி ‘உடை’ என்று சொல்வதற்கு அவை உதவும்.